பல் எண்ணிக்கை

என் தொழில் பல் கட்டுவது.
மட்டக்களப்பு நகரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே,
பிறருடைய வாய்களை மெழுகில் எடுத்து.
அதனால் சைக்கிளிலும்
முதலில் பற்களைத்தான் பார்க்கிறேன்:
முன்னால் ஐம்பது, பின்னால் பதினான்கு.
மணல் அரித்து அரித்து
பின்பல் பதினான்கும் சுறாப்பல்லாய்ச் சாய்ந்துவிட்டன.
"இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்" என்கிறார்
ஆரையம்பதியில் கடை வைத்திருக்கும் கோணேசன்,
எண்ணெய்க் கையால் செயினை இழுத்துப் பார்த்து.
தேய்ந்த பல்லோடு வருகிறவர்களிடம்
நானும் இதே பொய்யை
இதே குரலில்தான் சொல்கிறேன்.

குருக்கள்மடம். காலை ஐந்தரை.
ரயரைப் பெருவிரலால் ஒரு அமுக்கு.
முன் பிறேக். பின் பிறேக்.
ஹெல்மெற் வாரை நாடிக்குக் கீழே பூட்டும்போது
படலையில் நின்று வதனியக்கா கேட்பா:
"சண்டைக்கா போறாய்?"

கச்சான் வீசும் மாதங்களில்
பாதிச் சண்டை காற்றோடு.
போகும்போது வாவிப் பக்கமிருந்து வந்து
இடது விலாவில் கை வைத்து
நடுவீதிக்குத் தள்ளும், லொறிகளை நோக்கி.
திரும்பும்போது அதே காற்று
வலப்பக்கம் நின்று மணலுக்குள் தள்ளும்.

ஓரமாய்ப் போ என்கிறார்கள் எல்லோரும்.
ஓரத்தில் நெல் காய்கிறது.
நெல்லுக்குக் காவலாய் வரிசைக்குக் கல்.
கிரான்குளத்தில்
நேற்றைய சூடு விடாத தாரில் படுத்திருக்கும் மாடுகள்.
தாளங்குடாவில் மூடியில்லாத ஒரு மதகு.
காத்தான்குடியில் பேரீச்சை மரங்களைப் பார்த்தபடி
யாரோ திறக்கும் கார்க் கதவு.
ஆகவே
வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு முழம்.
அது என் காணி.
உறுதி இல்லை, எல்லைக்கல் இல்லை,
ஒவ்வொரு காலையும் மிதித்து மிதித்துப் பிடிக்கவேண்டும்.

ஆறு பத்துக்கு வரும் கல்முனை பஸ்ஸுக்கு
அந்தக் காணியில் வழக்கு உண்டு.
முந்தி ஓடும் இன்னொரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வரும்.
மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டர்
தகரத்தில் இரண்டு அடி அடித்து,
"ஓரம் போ புள்ள, ஓரம்!"
ஒருநாள் பஸ்ஸின் கண்ணாடி
என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.
இரத்தம் இல்லை.
பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கோடு.
அன்று ஒரு கடைவாய்ப்பல் பொருந்தவேயில்லை,
மூன்று தரம் அரைத்தேன்.

சம்பளத்தன்று நானும் ஒரு கண்ணாடி வாங்கினேன்.
வலது ஹாண்டிலில் பூட்டுவது. முட்டையளவு.
அதற்குள் வீதி முழுதும் நடுங்கிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை, மைம்மல்.
நாவற்குடா தாண்டி எனக்கு முன்னால் ஒரு சைக்கிள்.
லைற் இல்லை, சாரம் மடித்துக் கட்டிய ஆள்,
பாரில் ஒரு சின்னப்பிள்ளை.
தலையைத் திருப்பியபோது தெரிந்தது,
அவன்தான்.
தகரம் இல்லாமல் அந்தக் கை சிறிதாக இருந்தது.
என் கண்ணாடியில் நான்கு வெளிச்சம்,
இரண்டு பஸ், பக்கத்தில் பக்கத்தில்.
"ஓரம்" என்று வாய்வரை வந்தது.
ஓரத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
சொல்லை விழுங்கினேன்.
அவனுக்குப் பின்னால் போய்,
அவன் பிடித்திருந்ததைவிட
இன்னும் ஒரு முழம் உள்ளே எடுத்து ஓடினேன்,
என் சிவப்பு லைற் மூன்று பேருக்கும் இமைக்க.
ஹோர்ண் காதைக் கிழித்தது.
பஸ் விலகிப் போனது, ஒன்று, பிறகு மற்றது.
பிள்ளை அவன் கைக்கு மேலால் எட்டிப் பார்த்து,
"வாப்பா, பின்னால பத்திப் பத்தி நூருது."
அவன் என்னைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை.
பஸ்ஸிலிருந்து பார்க்கையில்
எனக்கு முதுகு மட்டும்தான் போல.

திங்கள். ஆறு பத்து.
தகரத்தில் இரண்டு அடி.
"ஓரம் போ புள்ள."
கண்ணாடி அரை முழம் தள்ளிப் போனது.
காற்றாகவும் இருக்கலாம்.

கல்லடிப் பாலம் ஏறுகையில்
செயின் ஒரு பல் தாவியது.
பின்பல்லை மாற்றவேண்டும்,
மழைக்கு முன்னால்.